தையல் பிரிக்கும் டொக்டர்

"விழுங்கோ டொக்டர்! கீழ விழுங்கோ!"

தாதி செல்வராணி கத்துகிறாள். தூரத்தில் 'டும்'. ஷெல் புறப்படும் சத்தம். பிறகு கூவல். நான் விழவில்லை. மேசையில் ஒரு பெண்ணின் வயிறு திறந்து கிடக்கிறது. தைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. பக்கத்து வகுப்பறையில் விழுந்தது. சுவர் சரிந்தது. அந்தப் பெண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். அது எந்தப் பக்கம் போனதென்று நான் பார்க்கவில்லை. ஓடினேன்.

சில வருடங்களின் பின். ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறேன். என் பட்டத்தை இந்த நாடு இன்னும் ஏற்கவில்லை. சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவர் டொக்டர் லோமன். அதே ஊரில் பிறந்தவர். ஹைடல்பெர்க்கில் படித்தார். திரும்பி வந்தார். முப்பது வருடம் அதே அறை. பித்தப்பை, குடலிறக்கம், மரம் அறுக்கையில் விரலை விட்டவர்கள். சைக்கிளில் வருவார். சனிக்கிழமைச் சந்தையில் அவரால் நாலு அடி நடக்க முடியாது. இறைச்சிக் கடைக்காரர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார்.

எனக்கு வயிறு எரியும். அவர் ஒரு குடலிறக்கத்தை முடிக்கும் நேரத்தில் நான் நாலு பேரைத் தைத்தவன். அதுவும் டோர்ச் வெளிச்சத்தில்.

அதைவிட எரிச்சல் வேறொன்றில். தையல் பிரிப்பது இளைய டொக்டர்களின் வேலை. லோமன் அதை யாரிடமும் விடமாட்டார். தானே ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். தழும்பை விரலால் தடவுவார். "நல்லா ஆறிவிட்டது" என்பார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் தைத்த ஒருவருக்குக்கூடத் தையல் பிரித்ததில்லை. தைப்போம். ஏற்றி அனுப்புவோம். அடுத்த ஆள்.

"அந்த மனுசன் உங்களுக்கு என்னப்பா செய்தவர்?" என்று மனைவி கேட்டாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லோமன் ஓய்வுபெற்றார். போகிறவரே கேக் கொண்டுவருவது இங்கே வழக்கம். சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். அவர் எழுந்து, தன் மேசையில் இறந்தவர்களை நினைத்துக்கொண்டார். முதற்பெயர்களை மட்டும் சொன்னார். அன்னா. ஹெல்மூத். குட்டி யூலியா. எல்லாச் செத்தவீட்டுக்கும் போனவராம். மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு அதிலும் பொறாமைதான் வந்தது.

தட்டோடு என்னிடம் வந்தார். "நீங்களும் சத்திரசிகிச்சை செய்தவர்தானே. உங்களுடையவர்கள் யார்?"

அந்த ஒரு ஷெல்லில் போனவற்றைச் சொன்னேன். செல்வராணி, தாதி. தேவன், மயக்கமருந்து கொடுத்தவர். ஒரு ஜெனரேட்டர். ஒரு பெட்டி கத்திகள். பக்கத்து வகுப்பறையில் நான் தைத்துக் கிடத்தியவர்கள், பதினாலு பேர்.

லோமன் தட்டைக் கீழே வைத்தார். அந்தப் பதினாலு பேரின் பெயர்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் ஒருவரிடமும் பெயர் கேட்டிருக்கவில்லை.