பெயர்தாங்கி

எனக்கு மனிதர்களின் முகம் மனதில் தங்காது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தெருவில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் அவர் யாரென்று பிடிபடாது. போன வாரம் உங்களைத் தாரப்போத்தோ சந்தையில் பார்த்திருந்தால்கூட இன்று எனக்கு நீங்கள் புதியவர்தான், வக்கீலம்மா. தவறாக நினைக்க வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி என்றால் அப்படியில்லை. எங்கள் மலைச்சரிவுகளில் கண்ணாடிச் சிறகுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. நிழலில் தாழப் பறக்கும். இறகின் வழியே பின்னால் இருக்கும் இலை தெரியும். அவற்றின் உடம்பு கசக்கும் என்பது பறவைகளுக்குத் தெரியும். அதனால் வெவ்வேறு இனங்கள் ஒரே சீருடை போட்டுக்கொண்டு திரிகின்றன. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் பூச்சியின் வயிற்றைக் கழற்றிக் காரக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். சதை கரைந்துபோகும். கொக்கியும் கரண்டியுமாகச் சில கெட்டியான உறுப்புகள் மிஞ்சும். நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்தால்தான் இது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இறகு பொய் சொல்லும், வயிறு சொல்லாது என்று எத்தனையோ மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. புது இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து அதன் ஊசியில் சிவப்புச் சீட்டுக் குத்துவோம். அது பெயர்தாங்கி. உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் வந்து பார்க்க வேண்டும். அது ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம்தான் என்று யாராவது காட்டிவிட்டால் புதுப் பெயர் விழுந்துவிடும். விழுந்த பெயரை எடுத்து அந்தக் குடும்பத்தில் வேறொன்றுக்கு வைக்கவும் முடியாது. அதோடு சரி.

நான் என் வாழ்நாளில் ஒரே ஓர் இனத்துக்குத்தான் பெயர் வைத்தேன். என் மகள் பிறந்த வருடம் அது. அவள் பெயரையே வைத்தேன். டெல்மிரா.

அவள் தகப்பன் வேலை தேடி இக்கிட்டோஸ் போனவன், திரும்பவில்லை. எங்கள் ஆய்வு நிலையம் யானயாக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுக் காட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடமும் தார்ச்சாலையும் இந்தப் பக்கம். குழந்தையை அங்கே வைத்து வளர்க்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். வில்மர் துவானாமாவும் அவர் மனைவி எலீத்தாவும் அவளை ஊரிலுள்ள தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வில்மர் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவர், ஆனாலும் வாரா வாரம் வீட்டுக்குப் போய்விடுவார்; டெல்மிராவுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் அவர் எனக்குக் கும்பாதிரி, நான் அவருக்குக் கும்மாதிரி. கூடப்பிறந்தவர்களிடம் சண்டை போடலாம், கும்பாதிரியிடம் போடக்கூடாது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

நான் மாதக் கடைசியில் ஆற்றைக் கடந்து வந்து மகளைப் பார்ப்பேன். மழைக் காலத்தில் அதுவும் முடியாது. அவள் எலீத்தாவின் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை எட்டிப் பார்ப்பாள். நான் அவளுக்குப் பூச்சியின் படத்தைக் காட்டி, இது நீ என்பேன். அவள் வில்மரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினால்தான் நம்புவாள்.

அந்தப் பெயர்தாங்கி தவிர இன்னொரு பூச்சி யாருக்கும் கிடைக்கவில்லை. வருடா வருடம் வறட்சிக் காலத்தில் தேடினேன். காய்ந்த தேள்கொடுக்குச் செடியைக் கட்டித் தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் மொய்க்கும். பிடித்தவை எல்லாம் பழைய இனம்தான். வெளியூரிலிருந்து வந்தவர்களும் தேடினார்கள். அரிது என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

இந்த வருடம் வில்மர் கண்ணாடிச் சிறகுகளுக்கு ஒரு கையேடு எழுதத் தொடங்கினார். எல்லாப் பெயர்தாங்கிகளையும் எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மதியம் நான் ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கும்மாதிரி, நம்ம டெல்மிரா பூச்சிக்கு மார்புல பசை இருக்கு."

"உறையிலேருந்து எடுக்கும்போது வயிறு உதிர்ந்துபோச்சு. ஒட்டினேன்."

"ஒட்டினீங்க, சரி. யாரோட வயித்த?"

நான் அடுத்த ஊசியை எடுத்துத் துடைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையும் சிரிப்பாக்கிவிடுவது அவர் சுபாவம்.

"தலை ஒரு வீடு, வயிறு ஒரு வீடு. நல்ல சம்பந்தம்தான். பூசை வச்ச பாதிரியார் யாரு?"

நடந்தது இதுதான். காட்டில் பிடிக்கும் பூச்சிகளைத் தனித்தனி முக்கோண உறையில் போடுவோம். ஓர் உறைக்கு ஒன்று என்பது முதல் நாளே சொல்லித்தரும் விதி. அன்று உறை தீர்ந்துவிட்டது. இரண்டை ஒன்றாகப் போட்டேன். நிறைமாதம், குனிந்து நிமிர முடியவில்லை. டெல்மிரா பிறந்த பிறகு உறையைப் பிரித்தபோது இரண்டுக்கும் வயிறு உதிர்ந்து கிடந்தது. ஒட்டினேன். பிறகு சோதிப்பதற்காக அதே வயிற்றைக் கழற்றி ஊறவைத்துப் பார்த்தபோது, அந்த இறகுக்கு இருக்கக்கூடாத உறுப்புகள் இருந்தன. புது இனம் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வயிறு மாறிப்போயிருக்கலாம் என்று எப்போது தோன்றியது என்கிறீர்கள். டெல்மிரா நடக்கப் பழகிய சமயம். உறுதியாகத் தெரிந்தது அவள் பள்ளிக்கூடம் போன பிறகு. கூட இருந்த மற்றப் பூச்சியை எடுத்துப் பார்த்தேன்; அதில் இதன் வயிறு ஒட்டியிருந்தது. அதன் பிறகு அதைப் பெட்டியிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன். அது சாதாரண இனம், யாருக்கும் இழப்பில்லை.

வில்மர் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நானே எழுதி வெளியிட வேண்டும் என்றுதான் கேட்டார். "நான் எழுதினா உங்களப் பாத்து ஊர் சிரிக்கும். நீங்களே எழுதினா நேர்மையான பொம்பளன்னு கையெடுத்துக் கும்புடும்" என்றார். மழை முடியும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார். காத்திருந்தார். நான் எழுதவில்லை. கடைசியில் பெயர்தாங்கி இருந்த பெட்டியை லிமாவுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார். பூச்சியின் ஒரு காலிலும் மிஞ்சிய வயிற்றுத் தோலிலும் மரபணுவைச் சோதித்தால் போதும், இரண்டும் ஒரே உடம்பா என்று தெரிந்துவிடும்.

டெல்மிராவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டேன்.

"அவ லிமாவுல பல்லு பிடுங்கப் படிச்சிட்டிருக்கா. இந்தப் பூச்சியா அவளுக்குச் சோறு போடுது?"

"அவளுக்கு நான் குடுத்தது அது ஒண்ணுதான், கும்பாதிரி."

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அதான் கும்மாதிரி தப்பு. வேற ஏதாவது குடுத்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோரும் கோபத்தில் செய்தேன் என்கிறார்கள். நீங்களாவது அப்படி எழுத வேண்டாம். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தது அவர். முதல் பல் விழுந்தபோது அதை வாங்கி வைத்துக்கொண்டது அவர். என்னிடம் பெயர் மட்டும் இருந்தது. அதையும் அவர் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்.

அவர் கிளம்பிய அன்று சாலைவரை வருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். எலீத்தா கொடுத்தனுப்பியிருந்த ஹுவானே இரண்டு பொட்டலம் இருந்தது. பிஹாவோ இலையில் கட்டிய கோழிச் சோறு. பேசிக்கொண்டே இறங்கினோம். மலைமேல் வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்.

யானயாக்கில் பாலம் கிடையாது. கம்பி வடத்தில் தொங்கும் கூடைதான். ஒருவர் உட்கார வேண்டும், எதிர்க்கரையில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். வடம் நடுவில் தொய்ந்திருக்கும். அதுவரை கூடை தானாக ஓடும், அதற்கு மேல் இழுக்க ஆள் வேண்டும். வடத்தைக் கையால் பற்றி ஏறலாமென்றால் கம்பி பிரிந்து முள்முள்ளாக நிற்கிறது, மேலே கிரீஸ் வேறு. கூடையைப் பார்த்துக்கொள்ளும் டோன் அசுன்சியோன் அன்று ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் முதலில் கடந்தேன். எனக்காக வில்மர் கயிற்றை நிதானமாக விட்டுக்கொடுத்தார். நடுவுக்கு மேல் நானே இந்தக் கரையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஏறினேன். நான் ஒல்லி, முடியும். அவர் கனத்த உடம்பு, முடியாது. போதாததற்கு அவருக்கு வலது தோளில் பழைய வலி. கரை ஏறியதும் அந்தக் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை முதலில் அனுப்பச் சொன்னேன். அவர் கனத்தில் கூடை ஆடினால் பூச்சியின் கொம்பு ஒடிந்துவிடும் என்றேன். அது நியாயமான பேச்சு, அவரும் ஒத்துக்கொண்டார். பெட்டியோடு சோற்றுப் பொட்டலத்தையும் வைத்தார்.

"என் பங்கத் தின்னுடாதீங்க கும்மாதிரி" என்று ஆற்றுக்கு மேல் கத்தினார்.

பெட்டியை எடுத்து நிழலில் வைத்தேன். அவர் தன் பக்கத்துக் கயிற்றால் கூடையை வாங்கி உட்கார்ந்தார். நடுவுக்கு வந்ததும் நான் இழுப்பதை நிறுத்தினேன்.

"கை வலிக்குதா? மெதுவா இழுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இதை அவர் சொன்னபோது ஆற்றின் சத்தம் மாறிவிட்டிருந்தது. மேலே மழை பெய்து வெள்ளம் இறங்கும்போது அடியில் பாறைகள் உருளும். தண்ணீர் நிறம் மாறும் முன்பே அது காதில் விழும். இங்கே பிறந்த யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. அதன்பிறகு அவர் வேடிக்கை பேசவில்லை. கயிறு, கயிறு என்றார். தன் பக்கத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அக்கரையில் அதைக் கட்டாமல் விட்டு வந்திருந்தார்; பிடிக்க ஆளில்லாமல் அது ஈரமாக அவர் மடிக்கு வந்தது. வேர்களோடு ஒரு மரம் வந்தது. நான் அவரைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பசித்தது. என் பொட்டலத்தைச் சாப்பிட்டேன். அவருடையதைத் தொடவில்லை.

வெள்ளம் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். எலீத்தா என் உள்ளங்கையை எடுத்து முத்தமிட்டாள். மறுநாள் டோன் அசுன்சியோன் வந்து பார்த்தபோதுதான் விஷயம் வேறானது. கூடையிலிருந்து அறுந்த என் பக்கத்துக் கயிறு கொக்கியில் வட்டமாகச் சுருட்டித் தொங்கியது. நூல், கம்பி, கயிறு எது கையிலிருந்தாலும் சுருட்டி மாட்டிவிட்டு நகர்வது எங்கள் தொழிலில் வந்துவிடும் பழக்கம். செய்தது எனக்கே நினைவில்லை. "ஆறு புடுங்கின கயிறா இது? யாரு சுருட்டி வச்சா, சீமாட்டி?" என்று கேட்டார். நான் அவரிடமே சொல்லிவிட்டேன். கேட்டவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை.

நேற்று டெல்மிரா வந்திருந்தாள். காவலர் சொல்லித்தான் அவளென்று தெரிந்துகொண்டேன். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். உட்காரவில்லை.

"எனக்கு அந்தப் பூச்சிப் பேரு எப்பவுமே பிடிக்காது. அப்பாவுக்கு அது தெரியும்" என்றாள்.

அப்பா என்று அவள் சொன்னது வில்மரை. துக்கத்தில் பிள்ளைகள் ஏதேதோ சொல்வார்கள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டி உலர்ந்த இடத்தில் இருக்கிறதா, அந்துருண்டை போட்டார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன். அவள் காவலரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லிப் போய்விட்டாள். அதனால் உங்களைக் கேட்கிறேன். சாட்சிப் பொருட்கள் வைக்கும் அறையில் எறும்பு இருக்கும். கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வழக்கில் உங்களுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை என்கிறீர்கள். ஆதாரம் அந்த ஒரே பூச்சிதான்; ஆய்வறையில் அடுப்பு இருந்தது, தீப்பெட்டி இருந்தது, சாவி என்னிடம் இருந்தது. பெட்டியை எரித்துவிட்டிருந்தால் வில்மரால் எதையும் நிரூபித்திருக்க முடியாது, ஓர் உயிர் போயிருக்காது என்கிறீர்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு முறை மூடியைத் திறந்து ஊசியைத் தொடக்கூடத் தொட்டேன். மூடியைத் திரும்பச் சாத்திவிட்டேன்.

உங்கள் மேசையில் பிள்ளைகளின் படம் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், பெற்றவளுக்கு அது முடிகிற காரியமா?