பின்சீட்டு காலியா இருந்தா வர்ற சத்தம்

இல்லப்பா, இன்ஜின் இல்ல. இன்ஜினை நேத்தே இன்னொருத்தன் பிரிச்சுப் பாத்துட்டான். நின்ன இடத்துல உறும விட்டுப் பாரு, ஒண்ணும் கேக்காது. மெதுவா போறப்போதான். கட கட கடன்னு, டம்ளருக்குள்ள ரெண்டு நட்டைப் போட்டுக் குலுக்குற மாதிரி. வேகமா போனா அடங்கிடும்.

செயின் புதுசு. சைலன்சர் கிளாம்ப் இறுக்கியாச்சு. முன்னாடி மட்கார்டு ஆடுதுன்னு ஒருத்தன் சொன்னான், அதையும் மாத்தியாச்சு. சத்தம் மட்டும் பழைய சங்கத்து ஆளு மாதிரி, இடத்தை விட்டு அசைய மாட்டேங்குது.

தலைவரேன்னு கூப்பிடாத. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. பெரியவரேன்னு சொல்லு போதும்.

சிரி, சிரி. ஆலைத் தொழிலாளிக்குக் காலை நீட்டி ஓட்டுற முதலாளி வண்டியான்னு அப்பவே கேலி பண்ணாங்க. போலீஸ் தடி பட்ட இடுப்புய்யா இது. குனிஞ்சு ஓட்டுற வண்டி ஆகாது. எவன் முன்னாடியும் குனிஞ்சதில்லன்னு மேடையில சொல்வேன், கைத்தட்டுவாங்க. பாதிக் காரணம் இடுப்பு.

கொடிக்கம்பு மாட்டுற கிளாம்ப் எங்க வச்சிருக்க? இது வேணாம், பளபளன்னு கல்யாண ஊர்வலத்துக்குப் போற மாதிரி இருக்கு. கறுப்பு குடு. நாளைக்கு நாலு மணிக்கு ஊர்வலம். நெட்டை போன வாரம் செத்துட்டான்ல, அவனுக்கு. சங்கத்துப் பொருளாளரா இருந்தானே, அவன்தான். என் வண்டிதான் முன்னாடி போகணுமாம்.

கண்ணாடித் தடுப்பா? ஜனங்க நடந்து வர்ற வேகத்துல போற வண்டிக்குக் காத்து எங்கப்பா வரும்? விடு. பின்னாடி ஏறு, ஒரு சுத்து போயிட்டு வருவோம்.

பாத்தியா, வரல. இறங்கி நில்லு. நான் மட்டும் அந்தக் கம்பம் வரைக்கும் போயிட்டு வர்றேன்.

கேட்டுச்சா? எதுல? பின்னாடி கால் வைக்கிற கம்பியா? ஆணி தேஞ்சு தொளதொளன்னு ஆடுதா. ஆள் உக்காந்து காலை வச்சா அடங்கிடுது. அடப்பாவி, மூணு மெக்கானிக் ரெண்டு நாளாத் தேடினதைச் ஒருதடவை ஏறி இறங்கியே கண்டுபிடிச்சுட்ட.

எத்தனை நாளாவா? பதினோரு வருஷமா. அதுக்கு முன்னாடி பின்சீட்டு காலியா இருந்ததே இல்லப்பா. நெட்டைதான் உக்காருவான், மடியில மெகாபோனை வச்சுக்கிட்டு. நீளக் காலு, முட்டி ரெண்டும் என் விலாவுல குத்தும். திட்டிக்கிட்டே ஓட்டுவேன்.

ஒத்தை சீட்டா மாத்திட்டா அழகா இருக்குமா? கம்பியையும் கழட்டிடலாமா? இரு. அவசரப்படாத.

பதினோரு வருஷம் முன்னாடி நடந்த அந்த ஸ்டிரைக் உனக்கு ஞாபகம் இருக்கும். காண்ட்ராக்ட் ஆளுங்க ஒன்பது பேரை நிரந்தரமாக்கச் சொல்லி அறுபத்திரண்டு நாள். மறுநாள் காலையில ஆலை கேட்ல மேனேஜர் ஒட்டியிருக்கான், ஒப்பந்தம் ஆயிடுச்சு, உள்ள வாங்கன்னு. அந்த ஒன்பது பேருக்கு ஒண்ணும் இல்ல. சங்கத்து ஆளு எவனோ ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கான். எங்க வண்டி போய் நிக்குது, கூட்டம் சூழ்ந்துடுச்சு, எவண்டா அவன்னு. என் முதுகுக்குப் பின்னாடியிருந்து நெட்டை சொல்றான், நான்தான்னு.

நான் திரும்பிக்கூடப் பாக்கல. இறங்குடா வண்டியை விட்டுன்னேன்.

இறங்கினான்.

அப்புறம் அவனைப் பத்தி நோட்டீஸ் எழுதினேன். துரோகிக்குத் தமிழ்ல எத்தனை பேரு இருக்கோ அத்தனையும் அதுல இருக்கும். உங்கப்பாவும் நம்ம ஆலைதானே, வீட்டுக்குக் கொண்டு வந்தாரா? சத்தமாப் படிச்சுக் காட்டினாரா. ம். நல்லாத்தான் எழுதியிருந்தேன்.

டீக்கடை பெஞ்சுல அவனுக்கு எவனும் நகந்து இடம் தர மாட்டான். நின்னுக்கிட்டே குடிப்பான். நான் உக்காந்திருப்பேன். ஒருநாள்கூட என்னை முறைச்சுப் பாத்ததில்ல.

இப்போ செத்ததும் சங்கத்துக்காரங்க தீர்மானம் போட்டிருக்காங்க, அவன் செஞ்ச தப்பைச் சங்கம் மன்னிக்குதுன்னு. ஊர்வலம் முடிஞ்சதும் கேட் முன்னாடி மைக் பிடிச்சு அதை நான் படிக்கணும். அவன் பொண்டாட்டி எதிர்ல நாற்காலியில உக்காந்திருக்கும்.

அந்தக் கையெழுத்து நான் போட்டதுப்பா.

மேனேஜர் டிஸ்மிஸ் லிஸ்டை எடுத்து என் முன்னாடி மேசையில வச்சான். முதல் பேரு என்னோடது. பயந்துட்டேன். மறுநாள் கேட்டுக்குப் போற வழியில நெட்டைகிட்ட மட்டும் சொன்னேன். பின்னாடியிருந்து என் தோள்ல கையை வச்சான், அவ்வளவுதான். தலைவன் பேரு கெட்டா சங்கமே போயிடும்னு நினைச்சிருப்பான். கேட்டதில்ல நான். கேக்க முகம் ஏது.

ஸ்பேனரை ஏன் கீழ வச்சுட்ட? வேலையைப் பாரு. கம்பி இருக்கட்டும், ஆணியை மட்டும் மாத்து.

முப்பது வருஷம் மேடையில பேசினவன், ஒருநாள் ஒத்திகை பாத்ததில்ல. கையெழுத்து நான் போட்டதுங்கிற இந்த ஒரு வரி மட்டும் வாய்க்கு வரல. கண்ணாடி முன்னாடி நின்னும் பாத்தேன். வேண்டியவனும் இல்லாம வேண்டாதவனும் இல்லாம யாராவது ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாக்கலாம்னுதான் வண்டியை எடுத்துக்கிட்டுக் கடை கடையா ஏறினேன். மூணு கடையிலயும் செயினு, மட்கார்டுன்னு பேசிட்டுத் திரும்பிட்டேன்.

உன்கிட்ட வந்துடுச்சு.

இன்னொரு தடவை சொல்றேன், நீ அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. நாளைக்குக் கூட்டத்துல கடைசி ஆளுக்கும் கேக்குமான்னு மட்டும் சொல்லு.