தோளுக்கு ஏறிய துண்டு

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பாகூர் பக்கம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய அக்கா மகனும் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாவில் பையன் போடப்போகும் நாடகத்தைப் பற்றிப் பேச்சு.

"கடைசி சீன்ல ராஜாவத் தொரத்திடறோம் மாமா. அப்புறம் எல்லாரும் இடுப்புல கட்டின துண்ட அவுத்துத் தோள்ல போட்டுக்கறோம்."

பெரியவர் சிரித்தார். "அவ்ளோதானாடா? அரமனயக் கொளுத்த வாணாமா?"

"கொளுத்துறது சுலபம் மாமா. பண்ணையார் மவன் முன்னாடி ஒக்காந்திருப்பான். அவன் எதிர்ல நம்ம தோள்ல துண்டு ஏறணும். ஒத்திகையிலயே என் கை இடுப்புக்குத்தான் போவுது."

"அடிப்பானுங்கடா."

"நாடகம்னு சொல்லிக்கலாம்."

"நாடகம் இல்லன்னு அவனுக்குத் தெரியும்டா."

வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான். பண்ணையார் தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும் இந்தக் கேடுகெட்ட வழக்கம் மட்டும் போகவில்லை.

அவர்கள் ஊர் நெருங்கியது. பெரியவரின் கை, பழக்கத்தில், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றத் தொடங்கியது. பையன் பார்த்தான். கை பாதியில் நின்றது.

"எனக்கும் ஒத்திக வாணாமாடா?" என்றார் பெரியவர்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பஸ் திரும்பும்வரை நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊருக்குள் நுழைந்த பிறகும் துண்டு தோளிலேயே இருந்தது.