தெருவே தரையில் உட்கார்ந்த நாள்

வீராம்பட்டினம் பஸ்ஸில் என் முன்சீட்டில், மீன் விற்றுத் திரும்பும் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கில்லை. முதல் வரிக்குப் பிறகு வேறு வழியுமில்லை.

"மேடம் வந்தன்னிக்கி எங்க தெருவே தரையிலதாங்க்கா உக்காந்திருந்துச்சி."

"எந்த மேடம்டி?"

"கோர்ட்டு அனுப்புன மேடம். செத்துப்போன எங்க அக்கா பொண்ண நான் வளக்கலாமான்னு வூட்டப் பாக்க வந்தாங்க. வூடு வெறிச்சின்னு இருந்தா புள்ளைய குடுக்க மாட்டாங்களேன்னு எதிர்வூட்டு சோபா, பக்கத்து வூட்டுக் கட்டிலு எல்லாத்தயும் தூக்கியாந்து போட்டுட்டேன்."

"நல்லதுதானே?"

"என்னைப் பத்தி விசாரிக்க எதிர்வூட்டுக்கே போயிட்டாங்க. அங்க வெறும் பாய்தான். பக்கத்து வூட்லயும் பாய்தான். 'சாமானெல்லாம் எங்க?'ன்னதும் எல்லாரும் உளறிட்டாங்க. போச்சு, புள்ள போயிடுச்சின்னு அழுதுட்டேன்."

"அய்யய்யோ!"

"மேடம் சிரிச்சிட்டாங்கக்கா. 'ஒரு புள்ளைக்காவ இத்தன வூட்ல தரையில உக்காந்திருக்காங்களா'ன்னு அதையே எழுதிக்கிட்டாங்க. நேத்து ஆர்டர் வந்துடுச்சி, நான்தான் கார்டியன். ஆனா திரும்பவும் பாக்க வருவாங்களாம்."

பெரியவள் சிறுமியின் பாதத்தைத் தடவினாள்.

"அடுத்த வாட்டி எங்க வூட்டு ஃபிரிட்ஜ எடுத்துட்டுப் போ. எங்கிட்டயும் வந்து கேக்கட்டும்."