சராசரி ஏறின ஊர்

இல்ல டிரைவரண்ணே, நான் கணக்கு டீச்சர் இல்ல. கணக்குதான் பொழப்பு, ஆனா பாடம் எடுக்கறதில்ல. நகராட்சிங்க கம்ப்யூட்டர், ஆன்லைன்னு கொட்டுற பணத்தால ஊரோட வருமானம் ஏறுதான்னு அளந்து சொல்ற ஆபீஸ்ல இருக்கேன். ஐயோ பள்ளம், மெதுவா போங்க. பின்னாடி தையல் மெஷின் இருக்கு.

எப்படியா? பெரிய வித்தையெல்லாம் இல்லண்ணே. இந்தப் பக்கம் ஊரு போட்ட பணம், அந்தப் பக்கம் ஊர்க்காரங்களோட சராசரி வருமானம். பணம் ஏற ஏற வருமானமும் ஏறினா சபாஷ். அப்படிப் பார்த்ததுல இந்த ஊருதான் முதலிடம். ஆமா, ஊர் எல்லையில பெருசா போர்டு வெச்சிருக்காங்களே, அதேதான். அதுல சேர்மன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறாரே, அது என் கணக்காலதான்.

சிரிக்காதீங்க. அந்தக் கணக்கே தப்பு.

இங்க வந்து பார்த்தாத்தானே தெரியுது. கடை லைசென்ஸ் குடுக்கற கவுண்டரையெல்லாம் மூடிட்டாங்க. எல்லாம் போன்லதான். அது வாடகைப் பத்திரம் கேக்குது. சின்னக் கடைக்காரங்ககிட்ட ஏதுண்ணே பத்திரம்? எல்லாம் வாய்ப்பேச்சுதான். முன்னல்லாம் கவுண்டர்ல இருந்தவருக்கு ஆளைத் தெரியும், புதுப்பிச்சுக் குடுத்துடுவாராம். போனுக்கு யாரைத் தெரியும்? லைசென்ஸ் இல்லன்னு கடைக்கு சீல் வெச்சுட்டாங்க. சலூன்காரர், செருப்பு தைக்கறவர், டீக்கடை அக்கான்னு ஒவ்வொருத்தரா மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க வசதியானவங்க. அப்புறம் சராசரி ஏறத்தானே செய்யும்? பெயிலான பசங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு, கிளாஸ் மார்க்கு கூடிடுச்சுன்னு மிட்டாய் குடுத்த கதைதான்.

இப்போ இதே கணக்கைக் காட்டி எங்க ஊருலயும் கவுண்டரை மூடப் போறாங்க. அதுக்கான அறிக்கையில நாளைக்கு நான் கையெழுத்து போடணும். போடமாட்டேன்னு காலையில போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஒத்த ஆளு கஷ்டத்தைப் பார்த்துட்டு கணக்கே தப்புன்னு சொல்லுவியான்னு மேலதிகாரி கேக்கறார். வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்கறேன்னுட்டார்.

எந்த ஆளா? பின்னாடி உக்காந்திருக்கானே, டெய்லர், அவன்தான். என் தம்பிண்ணே. அவன் கடைக்கும் சீல் வெச்சதால எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். முன்னாடி வாடான்னா மெஷினை விட்டு வரமாட்டேங்கறான். இந்த ஊருக்கு முதலிடம் குடுத்தது அவன் அக்கா நான்தான்னு அவனுக்கு இன்னும் தெரியாது.

அதோ போர்டு வருது. இப்போ மட்டும் கொஞ்சம் வேகமா போயிடுங்கண்ணே. இவனும் இந்த எல்லையைத் தாண்டிட்டா, இந்த ஊரோட சராசரி இன்னும் கொஞ்சம் ஏறிடும்.