தொட்டிக்குள் சாக்கு

"தொட்டிக்கு நடுவுல சாக்கு கட்டியும் அடங்கல புள்ள."

பதுளையில் ரயில் புறப்பட்டதிலிருந்து எதிரே இருந்தவர் மடியிலிருந்த கண்ணாடிப் போத்தலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உள்ளே சிவப்பாக ஒரு சண்டை மீன். தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் வேலை செய்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி.

"சாக்குக்கு அடியால பூந்து போயி குராமி மீனோட வால பிச்சிருச்சு. குராமியும் சும்மா விடல, மூலையில வச்சு முட்டுது. சின்னத் தொட்டி, ஒளிய எடமில்ல."

"அதுக்கு?" என்றாள் மனைவி.

"கிளாக்கர் ஐயாகிட்ட சொன்னேன். ஒடனே தனிப் போத்தல் குடுத்து, பண்டாரவளையில அவரு தம்பி வீட்டுல விடச் சொல்லிட்டாரு."

அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நம்ம ஒத்த அறக் காம்பிராவுலயும் நடுவுல சாக்குதான் தொங்குது. அந்தப் பக்கம் ஒங்க தம்பி குடும்பம், ஆறு பேரு. தெனம் சண்ட. தனிக் காம்பிரா கேளுங்கன்னு அஞ்சு வருசமா கத்துறேன். மீனுக்குப் பேசுன வாயி நமக்குத் தொறக்கலயே!"

ஹாலிஎலயில் ரயில் நின்றது. அவர் போத்தலைத் திருப்புவதை நிறுத்தினார்.

"கேட்டேன் புள்ள. மொத வருசமே கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அண்ணன் தம்பிதானே, அனுசரிச்சு இருங்கன்னாரு."