பாசி நெய் உறையாது

— போதும் எல்லம்மாக்கா, இன்னும் எத்தினி வாட்டி கிண்டுவ? பாசி கூழாப் போச்சு.

— சும்மா கெட அம்மணி. மூத்த ஓரகத்திக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதுனு ஊருல பேரு வாங்கிக் குடுக்காத.

— ஊரா? இந்தப் பசியாவரம் தீவுல அடுப்பு எரியறதே நம்ம வூட்டுல மட்டும்தான்.

— எரியட்டும். மழை பொய்ச்சி மூணு வருசம்... மீன் செத்துச்சி, எறா செத்துச்சி. அரிசி தேடிப் போன நம்ம ஆம்பளைங்க ரெண்டு பேரும் வரல. இந்தச் செவப்புக் கஞ்சிப்பாசி மட்டும் ஏரியில வெக்கமில்லாம மொளைக்குது.

— நம்மள மாதிரி.

— ஹூம்... சட்டியப் பாரு, மேல நெய் மிதக்குது. வழிச்சித் தரேன், சூட்டோட குடிச்சிடு. பால் ஊறும்.

— நீயே குடி, அக்கா.

— நானா? நா யாருக்குப் பால் குடுக்கப் போறேன்? கஞ்சி எனக்கு, நெய் உனக்கு. தெனமும் அதானே.

— இன்னிக்கு வேணாம்...

— இன்னா வேணாம்? நேத்தெல்லாம் மாரு வத்திப் போச்சினு அழுத. புள்ள எங்க?

— தூளியில. தூங்குறான், எழுப்பாத.

— இவ்ளோ நேரமாவா?

— அழுது அழுது... ஓஞ்சிட்டான். நீ ஏன் பீச்சாங்கையால கிண்டுற?

— சோத்துக்கை சுட்டுக்கிச்சு.

— காட்டு.

— அப்பால காட்டறேன். குடி மொதல்ல.

— அந்தப் பனையண்ட குந்திக்கினு கீறானே, யாரு?

— யாரோ... பாசி வாங்க வந்தவன்.

— பாசியவா? நாய்கூட மோந்து பாக்காது இத!

— வாயாடாத. செரட்டையில ஊத்திட்டேன், குடி.

— அக்கா... இன்னா இது, இவ்ளோ நெய்யி?

— ஆழத்துப் பாசிடி. கால் வெரலால தடவித் தடவிப் பறிச்சேன். செவப்பு கூடினா நெய்யும் கூடும்.

— யாருகிட்ட கத உடற? நானும் இந்த ஏரியிலதான் பொறந்தேன். சட்டி நெறைய வெந்தாலும் நகக்கண்ணளவு மினுக்கும், அவ்ளோதான். ஆறினாலும் தண்ணியாவே நிக்கும், மீன் கவுச்சி அடிக்கும். இதப் பாரு... செரட்டை ஓரத்துல வெள்ளையாக் கட்டுது.

— வெயில்ல காஞ்ச பாசியோ இன்னாவோ...

— வெயில்ல காஞ்சா காறல் அடிக்கும். பாசி நெய் உறையாதுக்கா. இது மிருகக் கொழுப்பு. எங்க கெடச்சுது?

— ஆறிடும், குடி.

— அக்கா!

— ஒல்லாந்த வெள்ளக்காரன் கோட்டையாண்ட.

— சும்மா போட்டாங்களா?

— சும்மா யாரு போடறா? அடிமையாப் போறேன்னு பேரு குடுத்தவங்களுக்குத் தரகன் உப்புக்கறி குடுக்கறான். கப்பல் ஏறதுக்குள்ள ஒடம்புல சதை புடிக்கணுமாம். எந்த மிருகம்னு நா கேக்கல. கொழுப்ப மட்டும் எலையில மறைச்சிக் கொண்டாந்தேன். பானைக்குப் பின்னால ரெண்டு மரக்கா அரிசி கீது, அதுவும் உனக்குதான்.

— பேரு குடுத்தியா... நீயா? கையக் காட்டு. ஐயோ, இன்னா கயிறு இது!

— கத்தாத, புள்ள எழுந்துடும். முத்திரை வெச்சிக் கட்டினான். அடுப்ப அணைச்சிட்டு வந்துடறேன்னேன்... நம்பாம, கூட ஆள் அனுப்பிச்சிட்டான். சாயங்காலம் ஓடம்.

— எந்தத் தேசத்துக்கு?

— தெரிஞ்சா மட்டும் நடந்து திரும்பி வந்துடுவேனா? எம் மூணு புள்ளைங்களும் மண்ணுக்குப் போச்சு. இவன் ஒருத்தனாவது நிக்கட்டும்டி.

— ஐயோ, அக்கா!

— அழாத. அழுதா இருக்கிற கொஞ்சம் பாலும் போயிடும். எடு அவன. ஒதட்டுல ஒரு சொட்டு தடவிட்டுப் போறேன்.

— வேணாம்க்கா.

— ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்டி, வுடு!

— தூளியத் தொடாதக்கா... காலையில நீ வெளிய போன கொஞ்ச நேரத்துலயே அவன் உசுரு போயிடுச்சு. சொன்னா நீயும் கஞ்சியத் தள்ளிட்டுப் படுத்துருவியேன்னு... வந்து ஒரு வாய் தின்னட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன்.